தொழில்: மாணவர், வயது: 30

வங்கியில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். 'தொழில்' என்ற கட்டத்தில் 'மாணவர்' என்று எழுதியிருந்தேன். கவுன்டரில் இருந்த அக்கா படிவத்தைப் பார்த்தார், பிறந்த தேதியைப் பார்த்தார், அப்புறம் என் தலையில் எட்டிப் பார்க்கும் நரையைப் பார்த்தார்.

"தம்பி, இங்க என்ன வேலை பாக்கீங்கன்னு எழுதணும்."

"பிஎச்.டி. பண்ணுறேன் அக்கா."

"அது படிப்பு. வேலை?"

எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவரே பேனாவை வாங்கி 'மாணவர்' என்பதை அடித்து, 'மற்றவை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு, சீல் குத்தி உள்ளே வைத்துவிட்டார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவரின் அன்றாடத்தைப் புரிந்துகொள்ள அந்தக் கட்டம் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். பிஎச்.டி. என்பது பெயரளவில் படிப்பு, செய்கிற காரியமோ முழுநேர வேலை. மாணவருக்கு உண்டான சலுகையும் முழுதாகக் கிடையாது, வேலைக்காரருக்கு உண்டான சம்பளமும் நிச்சயம் கிடையாது. பணம், பயணம், கல்யாணப் பேச்சு, தூக்கம் என எங்கே சிக்கல் வந்தாலும் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தக் குழப்பத்தில்தான் போய் முட்டும்.

படிப்பு என்றால் என்னவென்று தெரியாத ஊர் இல்லை இது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இல் கல்லூரியானது. தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-இல் வந்தது. ஆனால் இங்கே படிப்புக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. நர்சிங் 4 வருஷம், என்ஜினீயரிங் 4 வருஷம், பி.எட். 2 வருஷம். முடிந்ததும் சென்னை, பெங்களூர், துபாய், சவுதி. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள். பிஎச்.டி.க்கு மட்டும் அந்தக் கணக்கு ஒத்து வராது.

சட்டப்படி கணக்கு இருக்கத்தான் செய்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு சேரும். முதலில் கோர்ஸ் ஒர்க் எனும் பாட வகுப்பு, குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆராய்ச்சி நெறிமுறைத் தாளும் அடக்கம். 55 சதவீதம் எடுத்தால்தான் மேலே போகலாம். அதன் பிறகு ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆலோசனைக் குழு முன்னால் நின்று இதுவரை என்ன செய்தாய் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டியாக இருக்கலாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ள முடியாது. கேட்க எளிதாக இருக்கும். பிடித்த துறை, அதில் ஒரு கைடு, அவரிடம் ஒரு காலி இடம், அவருக்குப் போதிய சர்வீஸ் ஆகிய நான்கும் பக்கத்தில் இருக்கும் நாலைந்து கல்லூரிகளுக்குள் ஒன்றுகூடி வருவது ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கஷ்டம். பத்துப் பொருத்தத்தில் ஏழு இருந்தால் போதும் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். எனும் மூத்த ஆய்வாளர் நிலைக்கு உயர்ந்தால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. நாகர்கோவிலில் இது குடும்பம் நடத்தும் பணம். பிரச்சினை என்னவென்றால், நெட் எழுதுபவர்களில் சிறு பங்கினரே தேறுகிறார்கள், அதிலும் ஒரு சிறு பங்குக்குத்தான் ஜே.ஆர்.எஃப். 2024 ஜூன் தேர்விலிருந்து முடிவை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்: உதவித்தொகையோடு வருபவர்கள், உதவித்தொகை இல்லாமல் உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும் கிடைத்தவர்கள், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்கள். ஒரே மேசையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே மூன்று வகையினரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் டீக்கடையில் எல்லோருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பார். மற்ற இருவரும் மாத ஆரம்பத்தில் மட்டும் பர்ஸை எடுப்பதுபோல ஒரு பாவனை செய்வார்கள்.

உதவித்தொகை வாங்குபவர் வேறு சம்பள வேலை பார்க்கக் கூடாது. வாங்காதவர் பார்க்காமல் பிழைக்க முடியாது. அதனால்தான் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் ஆராய்ச்சி அறை காலியாகிறது. எல்லோரும் டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். குமரியில் டியூஷன் இல்லாத தெரு கிடையாது. நான் மூன்று வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வரலாறு எடுக்கிறேன். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரை. அதற்கு மேல் வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தால், கண் எழுத்தைப் பார்க்கும், மனசு தலையணையைப் பார்க்கும்.

இனி பயணம். என் தலைப்பு நாஞ்சில் நாட்டுக் குளங்கள், பாசனம். நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த பூமி, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். பேச்சிப்பாறை அணைக்கு 1897-இல் வேலை தொடங்கி 1906-இல் முடித்தார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் குளத்துத் தண்ணீர் யாருக்கு எப்படிப் பிரிந்தது என்பதுதான் நான் துருவுகிற விஷயம். குளம் இங்கே இருக்கிறது, என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். குளத்தைப் பற்றிய தாள் இங்கே இல்லை. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதுவரைக்கும் தலைநகர் திருவனந்தபுரம், கோப்புகளும் அங்கேதான். ஆகவே என் வீட்டுப் பக்கத்துக் குளத்தின் கதையைப் படிக்க நான் காலை ரயிலில் இரணியல், குழித்துறை, பாறசாலை தாண்டி அடுத்த மாநிலத்துக்குப் போகிறேன்.

அங்கே போனால் மொழி வேறு. கீழ்க் குமரியில் வளர்ந்த எனக்குத் தெரிந்த மலையாளம் சினிமா மலையாளம். மேற்கே விளவங்கோடு பக்கத்து நண்பர்களுக்குக் காதிலாவது பழக்கம் இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. 26 வயதில் ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம் வாங்கி எழுத்துக்கூட்டினேன். ஆமை, ஆனை என்று படித்துவிட்டுப் போனால் காப்பகத்தில் காத்திருந்தது நூறு வருஷத்துக்கு முந்தைய குமாஸ்தாவின் கையெழுத்து. அந்த மனுஷன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்ததே இல்லை போலிருக்கிறது. முதல் வாரம் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனது.

அப்புறம் ஆண்டு. திருவிதாங்கூர் ஆவணங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அது கி.பி. 825-இல் தொடங்கியது. ஆவணி, அதாவது சிங்ங மாதம், ஆண்டின் முதல் மாதம். ஆங்கில ஆண்டாக மாற்ற, ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரைக்கும் 824 கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்துவிட்டால் 825. இவ்வளவுதான் விஷயம். நான் என்ன செய்தேன் என்றால், எல்லாவற்றுக்கும் 825 கூட்டினேன். குளத்துக் கரை உடைந்ததைச் சொல்லி ஊரார் கொடுத்த ஒரு மனு, 1075 துலாம் மாதம். சரியாகப் பார்த்தால் 1899 அக்டோபர், நவம்பர். என் கணக்கில் அது 1900 அக்டோபர் ஆகிவிட்டது. அந்த மனுவின் மேல் வந்த உத்தரவு 1075 கும்ப மாதம். அதற்கு 825 கூட்டுவது சரிதான், 1900 பிப்ரவரி, மார்ச். ஆக, என் அத்தியாயத்தின்படி கரை உடைவதற்கு எட்டு மாதம் முன்பே அதைச் சரிசெய்யச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. நான் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 'திருவிதாங்கூர் நிர்வாகத்தின் முன்னெச்சரிக்கை' என்று தலைப்புக் கொடுத்து அரைப்பக்கம் வேறு எழுதியிருந்தேன்.

கைடு அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "அவ்வளவு நல்ல சர்க்காரா?"

அந்த அத்தியாயத்தைத் திருத்த நான்கு மாதம் ஆனது. ஆராய்ச்சியில் நாள் எங்கே போகிறது என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றும், சொன்னதில்லை. 824-க்கும் 825-க்கும் இடையில் நான்கு மாதம் போனது என்று பக்கத்து வீட்டு மாமியிடம் எப்படிச் சொல்வது?

பல்கலைக்கழகம் இருப்பது எதிர்த்திசையில். மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அது திருநெல்வேலிக்கு மேற்கே அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. வடசேரியில் நடுவில் நிற்காத எண்ட் டு எண்ட் பஸ் ஏறினால் தோவாளையில் பூ வாசம், ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று, முப்பந்தலில் காற்றாலைகள், வள்ளியூர், நாங்குநேரி, அப்புறம் நெல்லையில் இறங்கி இன்னொரு பஸ். போக வர ஒரு நாள் முழுதாகக் காலி. மேற்கே ஆவணம், வடக்கே பதிவு, நடுவில் கல்லூரி. வரலாற்றுத் துறைக்கு இப்படி. விலங்கியல் நண்பர் ஒருவர் மீன் மாதிரிக்காக விடிகாலை நாலு மணிக்கு முட்டம் துறைமுகத்தில் நிற்கிறார். அவருடைய சட்டையைத் துவைக்க வீட்டில் தனி வாளி வைத்திருக்கிறார்கள். தாவரவியல்காரர்கள் மேற்குத்தொடர்ச்சி மலைக்குப் போவதற்கு வனத்துறை அனுமதிக்காகக் காத்திருப்பார்கள். காகிதம் வரும்போது பூ உதிர்ந்திருக்கும்.

கட்டுரை வெளியிடுவது தனிக் கூத்து. 2016 விதிகளில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று இருந்தது. 2022-இல் யு.ஜி.சி. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் வேலைக்குப் போட்டி போடும்போது கட்டுரைக்கு மார்க் உண்டு, ஆகவே கட்டாயம் போனாலும் கவலை போகவில்லை. 'ஏழு நாளில் பப்ளிகேஷன், கட்டணம் இவ்வளவு' என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு செய்தி வரும். நம்பத் தகுந்த இதழ் எது என்று பார்த்துக்கொள்ள கேர் பட்டியல் என்று ஒன்று இருந்தது. 2025 தொடக்கத்தில் அதையும் கைவிட்டுவிட்டார்கள். இனி பொறுப்பு அந்தந்த நிறுவனத்துக்கு. காசு கொடுத்துப் போட்டவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை, டியூஷன் காசில் இரண்டாயிரம் எடுத்து வைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க யோசித்தவன் நானும்தான். போடவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், உண்மையில் மறுநாள் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது.

இவ்வளவும் செய்து முடித்தால் வேலை உண்டா? 2023 ஜூலையில் யு.ஜி.சி. ஒரு திருத்தம் கொண்டுவந்தது. உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சிதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராகப் போனால் மாதம் 25,000 என்று தமிழக அரசு உயர்த்தியதும் அதே ஆண்டுதான். ஜே.ஆர்.எஃப். வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் பட்டம் வாங்கிக் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் வருமானம் குறையும். பட்டம் வாங்கியதற்குத் தண்டனை போல. சிலர் பட்டம் வாங்குவதையே தள்ளிப்போடுகிறார்கள் என்று கேலி பேசுவார்கள். எனக்கு அதில் கேலிக்கு ஒன்றும் தெரியவில்லை.

இனி ஊர். "மக்ளே, படிப்பு இன்னும் முடியலியா?" என்ற கேள்வியில் விஷமம் எதுவும் இல்லை. அக்கறைதான். என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவன் சவுதியில் இருக்கிறான், வீட்டுக்கு மேல் மாடி எடுத்துவிட்டான். என் அம்மா அந்த மாடியைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாமல் இருப்பதற்கும் ஒரு முயற்சி வேண்டும் என்று எனக்குத் தெரியும். மற்றபடி உறவில் ஒரு கல்யாணம் என்றால் ஆராய்ச்சி மாணவன்தான் வாழை இலை வாங்கப் போக வேண்டும், மைக் செட்டுக்காரனைப் பிடிக்க வேண்டும். 'அவன் சும்மாதானே இருக்கான்.' ஆபீஸ் போகிறவனுக்கு லீவு என்று ஒன்று இருக்கிறது. நமக்கு லீவே கிடையாது என்பதால் எல்லா நாளும் லீவு என்று ஆகிவிடுகிறது.

பெண்களுக்கு இதே கேள்வி வேறு எடையில் விழுகிறது. எங்கள் துறையில் என்னோடு சேர்ந்த தோழி ஒருவர் இரண்டாவது வருஷத்தில் திருமணமாகிக் கோயம்புத்தூர் போனார். பெண் பார்க்க வந்த இடத்திலேயே "பிஎச்.டி.ய எப்ப விடப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள், முடிக்கப் போறீங்க என்று கேட்கவில்லை. விதிகள் அவ்வளவு மோசமில்லை என்பதுதான் வேடிக்கை. பெண் ஆய்வாளருக்கு இன்னும் 2 ஆண்டு கூடுதலாகக் கொடுக்கலாம், எல்லாம் சேர்த்து 10 ஆண்டு வரை போகலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் உண்டு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறினால், செய்த ஆய்வோடு வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அவருக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. ஒரு பை நிறைய ஜெராக்ஸை என்னிடம் கொடுத்துவிட்டு, "உனக்கு உதவும்டே" என்றார். சுசீந்திரம் கோயில் நிலங்கள் பற்றியவை. பை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

மனசு சோர்ந்துபோகும் காலம் எல்லோருக்கும் வருகிறது. எனக்கு மூன்றாம் வருஷம் வந்தது. ஏழு வாரம் ஒரு வரி எழுதவில்லை. தினமும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய், கையெழுத்துப் போட்டு, நூலகத்தில் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியில் பார்த்தால் ஒழுங்கான மாணவன். 2022 முதல் டெலி மானஸ் என்று மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, 14416. தமிழிலும் பேசலாம். நண்பர் ஒருவர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எதிர்முனையில் பேசியவர் பெரிய அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நான் ஒரு நாளில் செய்வதை மணிக்கணக்காகச் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும், "இதில் எது முடிந்தது என்று உங்களுக்கே தெரிகிற மாதிரி ஒரு வேலை இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் பொழுதுபோக்கு அங்கிருந்துதான் வந்தது. பொழுதுபோக்கு என்று சொன்னால் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கூச்சம் வரும். அந்த நேரத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாமே என்ற எண்ணம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தூத்தூர் பக்கத்து நண்பர் ஒருவர் சாயங்காலம் கடற்கரை மணலில் பந்து ஆடுகிறார். அங்கே கால்பந்து ஆடாதவன்தான் பதில் சொல்ல வேண்டும், ஆடுபவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. இன்னொருவர் மாவு அரைத்து ரசவடை சுடுகிறார். நன்றாக இருக்காது, ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதற்காகவே சுடுகிறேன் என்பார். நான் பறவை எண்ணுகிறேன்.

தேரூர் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த ஈரநிலம் 2022-இல் முக்கிய ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆய்வுக்காகக் குளத்தின் மடைகளைப் பார்க்கப் போனவன் நான். தாமரை இலை மேல் கால் வைத்து நடந்துபோன ஓர் இலைக்கோழியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வாரம் தவறாமல் போகத் தொடங்கினேன். பழைய பைனாகுலர், ஒரு நாற்பது பக்க நோட்டு. நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, நீர்க்காகம், கூழைக்கடா. நவம்பர் தாண்டினால் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வரும். மணக்குடி, புத்தளம் உப்பளப் பக்கம் அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை தெரியும். காலை ஆறரைக்கு எண்ண ஆரம்பித்தால் எட்டுக்கு முடியும். முடிந்தால் முடிந்ததுதான். யாரும் அதன் ஓரத்தில் பென்சிலால் எழுத மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இருந்த இடத்திலிருந்து கால் மணி நேரமாவது பார்த்து, எண்ணியதை இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் போதும். போன பொங்கலுக்கு மறுநாள் தேரூர் குளத்துக் கரையில் நின்றுகொண்டிருந்தேன். வயலைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார். நான் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்கும்வரை பொறுத்திருந்தார்.

"என்ன மக்கா, என்னத்த எண்ணுத?"

"பறவை, தாத்தா."

"எவ்வளவு குடுப்பான்?"

"ஒண்ணும் குடுக்க மாட்டான்."

"கொள்ளாம்," என்றார், நல்லது என்பதுபோல. அவர் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தோம். அப்புறம் அவர் கரையின் வளைவில் கிடந்த இரண்டு கல்லைக் காட்டி, அங்கே முன்னால் ஒரு மடை இருந்தது என்றும், தன் அப்பா காலத்திலேயே அதை அடைத்துவிட்டார்கள் என்றும், அதன் பெயர் இன்னது என்றும் சொன்னார். மூன்று வருஷமாகத் திருவனந்தபுரத்துத் தாள்களில் நான் தேடிக்கொண்டிருந்த பெயர். குமாஸ்தாவின் கையெழுத்தில் முதல் எழுத்து 'ப'வா 'வ'வா என்று தெரியாமல் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன்.

'வ'தான்.

ஆய்வு நோட்டு வீட்டில் இருந்தது. பறவை நோட்டில், முக்குளிப்பான் 14 என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே மடையின் பெயரை எழுதிக்கொண்டேன். அவரிடம் எழுத்துக்கூட்டிக் காட்டிச் சரிதானா என்று கேட்டேன். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றார். "வாசி பாப்போம்" என்றார். வாசித்தேன்.